கைக்கணக்கு – 14: வந்து திரும்பிய கூலி

நெடுந்தீவில் ஒரு வீட்டுப் பிரிஜ் நின்றுபோனால், அதைத் திருத்தும் ஆள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் இருந்துதான் வரவேண்டும். பண்ணைப் பாலம் கடந்து, வேலணை தாண்டி, புங்குடுதீவை ஊடறுத்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் இருக்கவேண்டும். நயினாதீவு என்றால் கடல் கொஞ்சம்தான், கால்மணி இருபது நிமிடத்தில் கரை வந்துவிடும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையால் ஏறுவார்கள். இவ்வளவு பாடும் பட்டு வந்தவர் கதவைத் தட்டும்போது வீடு பூட்டிக் கிடந்தால், மறுநாள் ஒரு பில் வரும். அந்தப் பில்லைக் கட்டத்தான் வேண்டுமா, கட்டுவதென்றால் எவ்வளவு என்பது இந்தக் கிழமைக் கணக்கு.

ஒரு கதையை வைத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, அலுப்பு மட்டும் உண்மை. நயினாதீவில் ஓர் அக்கா. வியாழன் காலமை வாறன் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணி மட்டும் பார்த்திருந்துவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று அவர் பிள்ளையைக் கூட்டப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் ஒரு செய்தி: விசிட்டிங் சார்ஜ் 4,000 ரூபா.

"தம்பி, நீங்கள் வரவே இல்லையே. என்னத்துக்குக் காசு?"

"வந்தனான் அக்கா. வீடு பூட்டு."

"காலமை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"முதல் படகு விடேல்லை அக்கா. காத்து. ரெண்டாவதில வந்தனான்."

"அதை ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே?"

"எடுத்தனான் அக்கா, லைன் கிடைக்கேல்லை."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தீவகத்தில் இந்தத் தகராறு மற்ற இடங்களை விடச் சிக்கலாவதற்குக் காரணம் அதுதான். கொழும்பில் ஒருவர் பிந்தி வந்தால் டிராபிக் என்பார், நாம் நம்பமாட்டோம். இங்கே சோழகக் காற்றுக் கிளம்பினால் படகு நிற்பது ஊருக்கே தெரியும்.

இலங்கையில் இப்படிப்பட்ட வேலை ஒப்பந்தங்களுக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். யாழ்ப்பாணத்தாருக்கு 1707இல் எழுத்தில் வந்த தேசவழமை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைக்கு அது முதுசம், சீதனம், காணி போன்ற விஷயங்களில்தான் பேசும், பிரிஜ் கூலிக்குள் வராது. ரோமன் டச்சு மரபில் வேலை செய்ய வருபவருக்கு மட்டுமல்ல, வேலையைப் பெற்றுக்கொள்பவருக்கும் ஒரு கடமை உண்டு. சொன்ன நேரத்தில் கதவைத் திறந்துவிட அவர் வீட்டில் இருக்கவேண்டும். இல்லாமல் போனால் தாமதம் அவருடையது, அதனால் வந்தவருக்கு ஏற்பட்ட வீண்செலவும் அவருடைய தலையில்தான். ஆகவே "வேலையே நடக்கவில்லை, ஒரு சதமும் தரமாட்டேன்" என்ற பேச்சு எப்போதும் எடுபடாது. அதேபோல, சொன்ன நேரத்துக்கு மெக்கானிக் வராவிட்டால் தாமதம் அவருடையது. அதன்பிறகு பூட்டிய வீட்டுக்கு வந்துபோன செலவை வீட்டுக்காரரிடம் கேட்க நியாயம் இல்லை. மூன்றாவதாகக் கடல். யாருடைய பிழையும் இல்லாமல் வேலை நடக்க முடியாமல் போனால், வேறு பேச்சு இல்லாத இடத்தில், அவரவர் நட்டம் அவரவருக்கு.

நமது அக்காவின் கதை இரண்டாவதும் மூன்றாவதும் கலந்தது. முதல் படகு ஓடாததற்கு மெக்கானிக்கைக் குறைசொல்ல முடியாது. ஆனால் "காலமை" முடிந்தபிறகு, அக்காவிடம் கேட்காமல் இரண்டாவது படகில் ஏறியது அவர் எடுத்த முடிவு. லைன் கிடைக்காவிட்டால் ஒரு குறுஞ்செய்தி போட்டுவிட்டு, பதில் வந்தபிறகு ஏறியிருக்கலாம். என்னைக் கேட்டால் அக்கா முழுக்காசு கட்டவேண்டியதில்லை. ஒன்றுமே கட்டவேண்டியதில்லை என்று வாதாடவும் இடம் இருக்கிறது. ஆனாலும் நான் அவருக்கு அந்த வாதத்தைச் சொல்லிக் கொடுக்கமாட்டேன். ஏனென்று பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 4,000 ரூபாவைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தகராறின் உயிர் அங்கேதான் இருக்கிறது, அங்கேதான் ஒருவரும் கைவைப்பதில்லை. விசிட்டிங் சார்ஜ் என்று கடைகள் வாங்குவது என்ன? வருகிற செலவு ஒன்று. பின்பக்கத்தைக் கழற்றி, கம்பிரசர் ஓடுகிறதா, கேஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை இன்னொன்று. பூட்டிய கதவுக்கு முன்னால் அந்த இரண்டாவது வேலை நடக்கவில்லை. நடக்காத சோதனைக்குக் கூலி கேட்க முடியாது. மிஞ்சுவது பெற்றோல், படகுக்காசு, போன நேரம். போன நேரத்திலும் ஒரு கேள்வி உண்டு. அதே படகில் வந்தவர் நாகபூசணி அம்மன் கோயிலடியில் இன்னொரு வீட்டுக்கு ஏசி திருத்தினாரா? திருத்தியிருந்தால் படகுக்காசும் அரை நாளும் இரண்டு வீட்டுக்கும் பங்காகவேண்டும். ஒரே பயணத்துக்கு இரண்டு வீட்டிலும் முழுக்காசு வாங்கினால் அது செலவை ஈடுசெய்வது ஆகாது, இலாபம்.

"விலாவாரியாக எழுதித் தாருங்கோ தம்பி" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் காசு கட்டியவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும். சேவைகள் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாக அதே சட்டம் கொள்கிறது.

முன்கூட்டியே அறிவித்த நிலையான கட்டணம் என்றால் கதை வேறு. இங்கிலாந்தில் பாரி பீவிஸ் என்பவரின் வழக்கு இதற்குப் பேர்போனது. மீனும் சிப்ஸும் விற்கும் கடைக்காரர் அவர். 2013இல் செம்ஸ்போர்ட்டில் இரண்டு மணிநேரம் இலவசமாக நிறுத்தக்கூடிய இடத்தில் காரை 56 நிமிடம் கூடுதலாக விட்டார். 85 பவுண் கட்டச் சொன்னார்கள். இது தண்டம், செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் தோற்றார். கட்டணத்தை எல்லோரும் காணும்படி பெரிய எழுத்தில் பலகைகளில் போட்டிருந்தார்கள், வாகனத் தரிப்பிடத்தை ஒழுங்காக நடத்துவதில் அவர்களுக்கு நியாயமான அக்கறை இருந்தது, தொகையும் அந்த அக்கறைக்கு மிஞ்சிப்போகவில்லை என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதில் உள்ள கேள்விகள் குறிகட்டுவானுக்கும் பொருந்தும்: தொகையை முதலே சொன்னீர்களா, நட்டத்தோடு பார்த்தால் அது அளவுக்கு மிஞ்சியதா? வெள்ளிக்கிழமை முதன்முதலாகக் காதில் விழும் 4,000 ரூபா, வியாழக்கிழமை ஒப்பந்தத்தில் இருந்ததாகாது.

அக்காவின் அரை நாளும் போனதே, அதற்கு யார் தருவார்? கலிபோர்னியாவில் அதற்குச் சட்டமே இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டில் நிற்கவேண்டிய வேலை என்றால் நான்கு மணிநேர இடைவெளியைக் குறித்துச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு வராவிட்டால் இழந்த சம்பளம் முதலிய நட்டத்துக்கு, சிறிய கோரிக்கைகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் 600 டொலர் வரை கேட்கலாம். தவிர்க்க முடியாத காரணத்தால் வரமுடியாமல் போனவரை அதே சட்டம் விட்டுவிடுகிறது. பிரித்தானியாவில் தொலைபேசி, இணையக் கம்பனிகளின் ஆள் சொன்ன நாளில் வராவிட்டால், கேட்காமலே இழப்பீடு வரும் திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கியது. தொடக்கத்தில் ஒரு தவறிய வருகைக்கு 25 பவுண். கம்பனிகள் தாமாக ஒப்புக்கொண்டு சேர்ந்த திட்டம் அது. நமது நாட்டில் இப்படி ஒரு நிலைத்த தொகை இல்லை. ஆனால் மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்பதால் போன அரை நாளை, பில்லில் கழிக்கச் சொல்லும் பேரத்தில் வைத்துப் பேச ஒரு தடையும் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும், சிலருக்குப் பிடிக்காது. புங்குடுதீவிலும் வேலணையிலும் நயினாதீவிலும் பல வீடுகளின் பில்லை ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ இருப்பவர்கள்தான் கட்டுகிறார்கள். அங்கிருக்கும் தம்பி "சின்னக்காசுதானே அக்கா, குடுத்துவிடுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவருக்குச் சின்னக்காசுதான். ஆனால் அந்தத் தொகை அடுத்தமுறை பக்கத்து வீட்டில் கேட்கும் விலையாகிவிடும். பக்கத்து வீட்டில் களங்கண்டி மீன்பிடிக்குப் போகிறவர் இருப்பார்.

பேசித் தீராவிட்டால் என்ன செய்வது? பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத்தில் போகவேண்டும். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். அவசரத்துக்கு 1977 என்ற இலக்கம் உண்டு. இந்த அளவு தகராறுக்கு அதைவிடப் பொருத்தமானது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அன்று 25,000 ரூபாவாக இருந்த எல்லை பலமுறை உயர்ந்து இப்போது இலட்சங்களில் நிற்கிறது. அந்த எல்லைக்குள் வரும் கடன், நட்ட, கோரிக்கை வழக்குகளைச் சபையில் இணக்கம் காணப் பார்த்து, முடியாமல் போனது என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. மெக்கானிக் வழக்குப் போடுவேன் என்று வெருட்டினாலும் அவருக்கும் வழி இதுதான். சட்டத்தரணி பேசமாட்டார். மத்தியஸ்தர்கள் சம்பளம் வாங்காதவர்கள். அவர்கள் தீர்ப்பும் சொல்லமாட்டார்கள், இருவரும் ஒத்துக்கொண்டதை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அங்கே போகவும் நயினாதீவார் படகுதான் ஏறவேண்டும். படகுக்காசுத் தகராறைத் தீர்க்க இன்னொரு படகுக்காசு!

சாட்சிக்கு வாட்ஸ்அப் குரற்பதிவும் வைபர் செய்தியும் போதாதோ என்ற பயம் வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு செய்தியை ஒதுக்கிவிட முடியாது என்கிறது. அக்காவின் தொலைபேசியில் "வியாழன் காலமை வாறன்" என்ற செய்தி அழியாமல் இருந்தால் பாதிச் சண்டை முடிந்தது. அடுத்தமுறை ஆள் பிடிக்கும்போது இரண்டு வரி அதிகமாகப் போட்டால் போதும்: "எந்தப் படகு? படகு ஓடாவிட்டால் செலவு யாருக்கு?" மெக்கானிக்மாருக்கும் இதைச் சொல்கிறேன். ஓர் அச்சவாரம் வாங்கிக்கொண்டு, வீடு பூட்டியிருந்தால் அதில் எவ்வளவு கழிப்பேன் என்று முதலே எழுதிவிட்டால், பிறகு கோல் எடுத்துக் கெஞ்சவேண்டி வராது.

ஒன்றும் கட்டாமல் தப்பும் வாதத்தை ஏன் சொல்லிக் கொடுக்கமாட்டேன் என்றேன். யாழ்ப்பாணத்தில் ஒரு மெக்கானிக்கோடு கோபித்தால் அடுத்த சந்தியில் இன்னொருவர் இருப்பார். கடல் கடந்து வரச் சம்மதிப்பவர்கள் சிலபேர்தான், அவர்களும் ஒருவரோடொருவர் கதைப்பார்கள். ஆகவே அக்கா அனுப்பவேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்: "தம்பி, காலமை எண்டு சொன்னபடி பன்னிரண்டு மட்டும் நிண்டனான். சோதிக்காத பிரிஜ்ஜுக்கு முழுக்காசு தர ஏலாது. படகுக்காசில பாதி தாறன், திருத்திற பில்லோட சேர்த்துப் போடுங்கோ. எந்தப் படகில வாறியள் எண்டு ஏறமுதல் சொல்லுங்கோ." பெரும்பாலும் அவர் ஒத்துக்கொள்வார். பிரிஜ் இன்னும் ஓடவில்லையே, அதைத் திருத்தும் கூலி அவருக்கும் வேண்டுமே.