மேடைக்குக் கூரை போட்டவர்

திரை விலகுகிறது. மேடையில் ஒரு வரவேற்பறை: மூன்று பக்கமும் சுவர், மேலே கூரை, குமிழைத் திருகினால் திறக்கிற கதவு, தரையில் கம்பளம். இன்று நாடகம் பார்க்கப் போகிற யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. 1820களின் லண்டனில் இந்தக் காட்சி கிடையாது. பின்னால் ஒரு படுதா, இரு ஓரமும் வரிசையாகத் தட்டிகள், அவ்வளவுதான் வீடு. பாத்திரங்கள் தட்டிகளின் இடுக்கு வழியே வந்து நிற்பார்கள். புத்தக அலமாரியும் ஜன்னலும் துணியில் தீட்டிய சித்திரங்கள். இங்கிலாந்தில் இதை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் லூசியா எலிசபெத் வெஸ்ட்ரிஸ். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் அன்றைய லண்டன்வாசிகளுக்கு நினைவு வந்தவை அவருடைய கால்கள்.

1797இல் லண்டனில் பிறந்தவர். தாத்தா பிரான்செஸ்கோ பார்ட்டலோஸி பேர்பெற்ற செதுக்கோவியர். 1813இல், பதின்பருவத்திலேயே, அர்மான் வெஸ்ட்ரிஸ் என்ற நடனக் கலைஞருக்கு மணம் முடித்தார்கள். சில ஆண்டுகளில் அவர் விட்டுவிட்டுப் போனார். பெயர் மட்டும் இவரிடம் தங்கியது. 1815இல் ஓபரா மேடையேறிய வெஸ்ட்ரிஸுக்குக் கீழ்ஸ்தாயியில் நின்று பேசும் கனத்த குரல். ரோசினியின் ஓபராக்கள் லண்டனுக்கு வந்தபோது அவற்றில் பாடினார். 1826இல் வெபரின் ‘ஓபரான்’ கோவன்ட் கார்டனில் அரங்கேறியபோது பாத்திமா இவர்தான். ‘செர்ரி ரைப்’ என்ற பாட்டை ஊரே முணுமுணுக்க வைத்தார். ஓபராவிலேயே நின்றிருந்தால் இன்னும் பெரிய பாடகியாகியிருப்பார் என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

அவர் நிற்கவில்லை. 1820இல் ட்ரூரி லேன் அரங்கில் ‘ஜியோவானி இன் லண்டன்’ என்ற கேலி நாடகத்தில் ராஜபார்ட் கட்டினார். பெண்களின் கணுக்கால் தெரிவதே பேச்சாகிற காலத்தில் இறுக்கமான காலுறையோடு ஒரு பெண் மேடையில் நடந்தால் கேட்கவா வேண்டும்! அவர் காலைப் பிளாஸ்டரில் அச்செடுத்துக் கடையில் விற்றார்கள். நட்சத்திரத்தின் உடம்பைத் துண்டு துண்டாக விற்கிற வியாபாரத்தில் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசமில்லை. பிளாஸ்டருக்குப் பதில் செல்போன் திரை.

அந்தப் புகழைக் காசாக்கி அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1831 ஜனவரி 3 அன்று, விச் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒலிம்பிக் தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்துத் தானே நடத்தத் தொடங்கினார். பழைய பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றின் மரங்களை வைத்து 1806இல் எழுப்பிய சிறிய கொட்டகை அது. சுற்றுவட்டாரமும் நல்ல பெயர் எடுத்ததல்ல. லண்டனில் அரங்கு நடத்திய முதல் பெண் என்று அவரைச் சொல்வது வழக்கம். அது சரியல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே மேரி டேவெனன்ட் கணவர் இறந்த பின் அவருடைய நாடகக் குழுவை லண்டனில் நடத்தியிருக்கிறார். கென்ட் வட்டாரத்தில் சாரா பேக்கர் சொந்தமாகக் கொட்டகைகளே கட்டினார். வெஸ்ட்ரிஸின் பெருமைக்கு ‘முதல்’ என்ற பட்டம் தேவையுமில்லை.

அன்றைய சட்டத்தையும் சொல்ல வேண்டும். லண்டனில் வசன நாடகம் போட அரச உரிமை பெற்றவை ட்ரூரி லேனும் கோவன்ட் கார்டனும், கோடையில் ஹேமார்க்கெட். மற்ற கொட்டகைகள் ‘பர்லெட்டா’ என்ற பெயரில் பாட்டு கலந்த நாடகம்தான் போடலாம். ஓர் அங்கத்துக்கு ஐந்து பாட்டாவது வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. பாட்டுக்காரியான வெஸ்ட்ரிஸுக்கு அந்த விலங்கே நகையாயிற்று. 1843இல் அந்த ஏகபோகம் போய்விட்டது. பிரதியை அரண்மனை அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்கும் கட்டாயம் மட்டும் 1968 வரை நீடித்தது என்பது இன்றைய இளைய நடிகர்களுக்கு நம்ப முடியாத சங்கதியாக இருக்கும்.

ஒலிம்பிக்கில் அவர் செய்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அதற்கு முன் நகைச்சுவை நடிகர் என்றால் கண்ணைப் பறிக்கிற கோட்டு, பட்டை போட்ட கால்சட்டை, போலிக் கல் பதித்த பெரிய ஊசி. மேடையில் இரண்டு நாற்காலி வந்தால் இரண்டு பேர் உட்காரப் போகிறார்கள்; அவற்றை எடுத்துக்கொண்டு போனால் இனி உட்கார மாட்டார்கள். வெஸ்ட்ரிஸின் மேடையில் வரவேற்பறை என்றால் வரவேற்பறைக்குரிய எல்லாமே இருந்தது, யாரும் உட்காராத நாற்காலி உட்பட. கனவான் வேடமிட்டவர் தெருவில் போகிற கனவானைப் போல உடுத்தினார். நாடகாசிரியர் பிளான்ஷே எழுதிய கிரேக்கப் புராணக் கேலி நாடகங்களில்கூடக் கோமாளி உடை இல்லை. உடை அசல் கிரேக்கம், பேச்சு மட்டும் கேலி. சிரிப்பு இரட்டிப்பானது. நள்ளிரவு தாண்டியும் நாடகம் ஓடிய ஊரில் 11 மணிக்குள் ஆட்டத்தை முடித்து ஜனங்களை வீட்டுக்கு அனுப்பினார். இன்றைய லண்டன் நாடகங்கள் அதற்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. அரங்கு முழுக்க விளக்கெரிய, ஒருவரை ஒருவர் பார்த்தபடி நாடகம் பார்த்த கூட்டம் அது. இன்று நாம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

1838இல் நடிகர் சார்ல்ஸ் மாத்யூஸை மணந்தார். மறுவருஷம் இருவருமாகக் கோவன்ட் கார்டனை எடுத்தார்கள். எடுத்ததும் ஒரு ஷில்லிங் காலரியை மூடியதில் முதல் நாளே ரகளை. ஆனாலும் 1840இல் ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தை, இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிய பிரதிகளை ஒதுக்கிவிட்டு, பெருமளவு மூலத்தின்படி போட்டார்கள். தேவதைகளின் அரசன் ஓபரானாக வெஸ்ட்ரிஸே பாடி நடித்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் இங்கிலாந்தில் ஓபரான் வேடம் பெண்களுக்கே போயிற்று. புகழ் வந்தது, பணம் நிற்கவில்லை. மாத்யூஸ் திவாலானார், கடனுக்காகச் சிறையும் கண்டார். மனைவியின் சொத்து கணவனுடையது என்ற சட்டம் 1882 வரை முழுமையாக மாறவில்லை. கடனாளியைச் சிறையில் தள்ளும் வழக்கம் பெருமளவு ஒழிந்தது 1869இல். இரண்டையும் பார்க்க வெஸ்ட்ரிஸ் உயிரோடில்லை.

கடைசி முயற்சி, 1847இல் எடுத்த லைசியம். அங்கே பிளான்ஷேயின் மாயக் கதைகளும் காட்சி ஓவியர் வில்லியம் பெவர்லியின் பிரமாண்டக் காட்சிகளும் கூட்டத்தை இழுத்தன. வருஷத்துக்கு வருஷம் காட்சி பெரிதாக வேண்டும் என்ற போட்டியில் நாடகமே சுருங்கிவிட்டது என்பது பிளான்ஷேயின் வருத்தம். எனக்கும் அதில் உடன்பாடுதான். வெஸ்ட்ரிஸ் 1854இல் மேடையை விட்டார், 1856இல் இறந்தார்.

விச் ஸ்ட்ரீட் இன்று இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ட்விச் சாலைக்காக அதை இடித்துத் தள்ளினார்கள். அந்த வட்டாரத்தில் பின்னால் எழுந்ததுதான் புஷ் ஹவுஸ். சிற்றலை வானொலியில் லண்டன் தமிழோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம். லைசியம் இருக்கிறது. உள்ளே எல்லாம் மாறிவிட்டது. நடுவில் பல ஆண்டுகள் நடனக்கூடமாகவும் இருந்தது. முகப்புத் தூண்கள் மட்டும் 1834இல் நிறுத்தியவை, வெஸ்ட்ரிஸ் பார்த்தவை. அங்கே 1999 முதல் ‘தி லயன் கிங்’ ஓடுகிறது. நஷ்டம் வந்தால் தாங்க டிஸ்னி என்ற பெரிய நிறுவனம் இருக்கிறது. நடத்துகிறவர் சிறைக்குப் போக வேண்டியதில்லை. அந்த நாடகத்தை இயக்கி, உடைகளையும் வடிவமைத்தவர் ஜூலி டேமர். இசை நாடக இயக்கத்துக்கான டோனி விருதை ஒரு பெண் வாங்கியது அந்த நாடகத்துக்காகத்தான் முதல் முறை. ஆண்டு 1998. வெஸ்ட்ரிஸ் ஒலிம்பிக்கைத் திறந்து அப்போது 167 ஆண்டுகள் ஆகியிருந்தன.