லில்லி தாமஸ்

லில்லி தாமஸ் (மார்ச் 5, 1927 – டிசம்பர் 10, 2019) இந்திய உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் ஆவார். தண்டனை பெற்ற நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் உடனடியாகப் பதவியிழப்பர் என்று கூறிய 2013 ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவரது பெயராலேயே அறியப்படுகிறது.

வாழ்க்கை

கேரளத்தின் கோட்டயத்தில் பிறந்த இவர், 1955 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் தில்லிக்குச் சென்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். முதல் திருமணம் நிலைத்திருக்க, இரண்டாம் திருமணத்திற்காகவே மதம் மாறும் இந்து ஆணின் மறுமணம் குற்றமே என்ற 2000 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இவர் தொடுத்த வழக்கில் வந்ததாகும்.

வழக்கின் பின்னணி

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951 இன் எட்டாவது பிரிவின்படி, பொதுவாக இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் தேர்தலில் போட்டியிட இயலாது. விடுதலைக்குப் பின்னும் ஆறு ஆண்டுகளுக்கு இத்தடை நீடிக்கும். ஆனால் ஏற்கனவே உறுப்பினராக உள்ளவர்களுக்கு 8(4) ஆம் உட்பிரிவு விலக்களித்தது. மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால், அது முடியும்வரை அவர்கள் பதவியில் தொடரலாம். மேல்முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் நடப்பதால், பதவிக்காலமே முடிந்துவிடுவது உண்டு. வெளியில் நிற்பவருக்கு ஒரு நீதி, உள்ளே இருப்பவருக்கு வேறு நீதி என்பதே உண்மையில் அதன் பொருள். இதை எதிர்த்து லில்லி தாமஸ் 2005 இல் மனுத்தாக்கல் செய்தார். லோக் பிரகரி என்ற அமைப்பும் தனியே வழக்குத் தொடுத்தது.

தீர்ப்பு

சூலை 10, 2013 அன்று நீதிபதிகள் ஏ. கே. பட்நாயக், எஸ். ஜே. முகோபாத்யாயா ஆகியோர் 8(4) செல்லாது என அறிவித்தனர். வேட்பாளருக்கும் உறுப்பினருக்கும் தகுதியின்மை ஒன்றே என்பது அரசியலமைப்பின் 102, 191 ஆம் உறுப்புரைகளின் நிலை. தகுதி இழந்தவுடன் இருக்கை தானாகக் காலியாகிவிடும் என்கின்றன 101, 190 ஆம் உறுப்புரைகள். அதைத் தள்ளிவைக்க நாடாளுமன்றத்திற்கு அதிகாரமில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஏற்கனவே மேல்முறையீடு செய்து பதவியில் தொடர்ந்தவர்களை இது பாதிக்கவில்லை.

விளைவுகள்

தீர்ப்பைச் செயலிழக்கச் செய்ய நடுவண் அரசு கொண்டுவர முயன்ற அவசரச் சட்டம் அக்டோபர் 2013 இல் கைவிடப்பட்டது. அதே மாதம் ரஷீத் மசூத் மாநிலங்களவை இருக்கையை இழந்தார்.

செப்டம்பர் 27, 2014 அன்று சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டனை பெற்ற ஜெ. ஜெயலலிதா, பதவியில் இருக்கும்போதே தகுதி இழந்த முதல் முதலமைச்சர் ஆனார். அவரது திருவரங்கம் தொகுதிக்கு பிப்ரவரி 2015 இல் இடைத்தேர்தல் முடிந்தது. மே மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, திரும்பிச் செல்ல அந்த இருக்கை இல்லை. இராதாகிருஷ்ணன் நகரில் புதிதாகப் போட்டியிட வேண்டியிருந்தது. (அந்த விடுதலையை, அவர் இறந்த பின் 2017 இல் உச்ச நீதிமன்றம் இரத்து செய்தது.) மக்கள் தேர்ந்தெடுத்தவரைக் கீழ்நீதிமன்றத் தீர்ப்பே நீக்கிவிடலாமா என்ற எதிர்வாதத்தின் வலு இதில் தெரிகிறது.

இதற்கு ஒரு வழி, குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைக்குமாறு மேல்நீதிமன்றத்தைக் கோருவதாகும். தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் போதாது. 2023 மார்ச்சில் மக்களவை உறுப்பினர் பதவியை இழந்த ராகுல் காந்தி, ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை நிறுத்திவைத்த பின் இவ்வாறே அவைக்குத் திரும்பினார்.