பாட்டிக்குச் சிமென்ட் வைக்கலாமா?

திருவிடந்தைப் பக்கம் ஒரு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தால், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ கேளம்பாக்கத்துக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "பந்து மாற்றணும், சிமென்ட் வைத்துப் பொருத்துவோம்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் முகம் வாடிவிடுகிறது. சிமென்ட் பழைய முறை, விலை குறைவு, சிமென்ட் இல்லாததுதான் உசத்தி என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. வயதானவர்கள் விஷயத்தில் அந்த எண்ணம் தவறு.

கட்டுப் போட்டால் சேராதா?

பெரும்பாலும் சேராது. தொடை எலும்பின் கழுத்து ஒடிந்து விலகும்போது, எலும்பின் உச்சியில் இருக்கும் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்களும் அறுந்துவிடுகின்றன. படுத்தே கிடந்தால் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும். சீக்கிரம் ஆபரேஷன் செய்து, முடிந்தால் மறுநாளே எழுப்பி நடக்க வைப்பதுதான் உயிரைக் காக்கும்.

இரண்டு வகைப் பிடிப்பு

செயற்கை மூட்டை எலும்பில் பிடிக்க வைக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியான சிமென்ட், வீடு கட்டும் சிமென்ட் இல்லை. பல்செட் செய்யும் அக்ரிலிக் வகை. இங்கிலாந்தின் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி 1950களின் கடைசியில் இதைக் கையில் எடுத்தார். 1962இல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் உருவாக்கிய மூட்டு மாற்று முறைதான் பிறகு உலகெங்கும் பரவியது. பொடியையும் திரவத்தையும் கலந்து எலும்புக்குள் அழுத்தினால், நுண்துளைகளில் புகுந்து சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆன்டிபயாடிக்கையும் இதிலேயே கலக்கலாம்.

சிமென்ட் இல்லாத முறையில், மண்வெட்டிக் கண்ணில் காம்பை அடித்து இறுக்குவது போல, சொரசொரப்பான டைட்டானியத் தண்டை எலும்புக்குள் இறுக்குகிறார்கள். பிறகு வாரங்கள், மாதங்கள் போகப் போக எலும்பே வளர்ந்து அதைப் பற்றிக்கொள்ளும். அப்படி வளர எலும்பில் வலு வேண்டும். மெலிந்த எலும்பு அடிக்கும்போதே விரிசல் விடலாம். பிறகு தண்டைச் சுற்றியும் முறியலாம்.

பிரிட்டனில் இடுப்பு ஒடிந்த 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,225 பேருக்குப் பந்தை மட்டும் மாற்றி, இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2022இல் வெளியானது. தண்டைச் சுற்றிய முறிவு சிமென்ட் வைத்தவர்களில் 0.5 விழுக்காடு, வைக்காதவர்களில் 2.1 விழுக்காடு. நான்கு மாதம் கழித்தும் சிமென்ட் வைத்தவர்களே அன்றாட வாழ்க்கையில் சற்று நன்றாக இருந்தார்கள்.

சிமென்டுக்கும் ஓர் ஆபத்து உண்டு. அழுத்தும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இதய நோய், நுரையீரல் நோய் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இளையவர்களுக்கு

மது, ஸ்டீராய்டு காரணமாகப் பந்து செத்துப்போய் முப்பது, நாற்பது வயதில் வருகிறவர்கள் பலர். எலும்பு திடமாக இருக்கும் இவர்களுக்குச் சிமென்ட் இல்லாததே பெரும்பாலும் பொருந்தும். பின்னாளில் மூட்டை மறுபடி மாற்ற நேர்ந்தால், பழைய சிமென்டைச் சுரண்டி எடுக்கும் பாடும் இல்லை. பந்து உட்காரும் கிண்ணத்துக்கு ஒரு முறை, தண்டுக்கு இன்னொரு முறை என்று கலந்து செய்வதும் உண்டு.

பணமும் ஸ்டிக்கரும்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையும் அடங்கும், மருத்துவமனையிலேயே கேளுங்கள். "எங்கள் அம்மாவின் எலும்புக்கு எது பொருந்தும், ஏன்?" என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

பொருத்திய மூட்டின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளோடு வாங்கி வையுங்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் ஏஎஸ்ஆர் மூட்டுகளை 2010இல் டிப்யூ நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. தன் உடம்பில் இருப்பது அந்த மூட்டுதானா என்று தெரிந்துகொள்ள, அதன் பெயரும் எண்ணும் கையில் இருக்க வேண்டும்.