வண்டி நின்றது, பொதி நிற்கவில்லை

சென்ற பருத்திப் பருவத்தில், கோவில்பட்டி வட்டாரச் சங்கமொன்றிற்குப் பருத்தி ஏற்றிவந்த சரக்கு ஆட்டோவின் முன் ஆடுகள் குறுக்கிட்டன. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, முன்பலகைக்கு மேலாக அடுக்கியிருந்த பொதிகள் நிற்கவில்லை. அவற்றின்மேல் அமர்ந்து வந்த இளைஞர் பொதிகளோடு சாலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சில நாட்களுக்குப் பின் தணிக்கைக்குச் சென்ற என்னிடம், "பிரேக்தான் பொதியை முன்னே தள்ளிவிட்டது" என்று அனைவரும் கூறினர். பிரேக் எதனையும் முன்னே தள்ளுவதில்லை. நிகழ்ந்தது யாதென அறியக் கழுகுமலைத் தேரும் நம் தறியும் போதும்.

பங்குனி உத்திரத் திருவிழாவில் கழுகுமலைத் தேர் நிலை பெயர்வதைக் கண்டோர் அறிவர். பெருங்கூட்டம் வடம் பிடித்தும் தேர் எளிதில் அசைவதில்லை. சக்கரத்தின் பின்னே தடி போட்டு நெம்ப வேண்டும். அசைந்தபின் இழுப்பது எளிது. ஆனால் வடத்தை நெகிழவிட்ட அக்கணமே தேர் நிற்பதுமில்லை. அதன் பொருட்டே சக்கரத்தின் முன் கட்டை போடுகின்றனர். நிற்கும் பொருள் நிற்கவே முற்படும். ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடவே முற்படும். வெளியிலிருந்து ஒரு விசை வந்தாலன்றி அது மாறாது. 1687-இல் ஐசக் நியூட்டன் தம் நூலில் முதல் விதியாக வைத்தது இதுவே. இவ்வியல்பைப் பள்ளிப் புத்தகங்கள் நிலைமம் என்கின்றன.

"அப்படியானால் ஓடும் தேரை ஏன் இழுத்துக்கொண்டே இருக்கிறோம்?" என்று உறுப்பினர் வினவலாம். நியாயமான வினாவே. அச்சிலும் தரையிலும் ஏற்படும் தடை, தேரின் வேகத்தை இடைவிடாது குறைக்கிறது. நம் இழுப்பு அத்தடையை ஈடுசெய்யவே செலவாகிறது.

தடை குறைவான இடத்தில் உண்மை தெளிவாகப் புலப்படும். 1733-இல் ஜான் கே என்னும் ஆங்கிலேயர் உரிமம் பெற்ற எறிநாடா அத்தகையது. நெசவாளர் கயிற்றைச் சுண்டுகிறார். நாடா ஒரு நொடியின் சிறு பகுதியே உந்தப்படுகிறது. பிறகு பாவின் அகலம் முழுவதும் அதனை எவரும் தள்ளுவதில்லை, தானே செல்கிறது. மறுபுறப் பெட்டிதான் அதனை நிறுத்துகிறது. பெட்டி தளர்ந்திருந்தால் நாடா மோதித் திரும்பி வரும், ஊடை நூல் தொய்யும். பெட்டியை நாடா தாக்கும் அளவிற்கே பெட்டியும் நாடாவைத் தாக்குகிறது என்னும் மூன்றாம் விதி அங்கே தெரிகிறது. சுண்டுதல் பலம் குறைந்தாலோ நாடா நடுவழியில் நின்று, பலகை அடிக்கும்போது பாவு அறும். நல்ல நெசவாளரின் கை இக்கணக்கை ஏட்டில் எழுதாமலே போடுகிறது.

இனி விபத்திற்கு வருவோம். பிரேக் நிறுத்தியது சக்கரத்தை; சக்கரம் வழியே வண்டியை. மேலடுக்குப் பொதி, நாடாவைப்போல், தான் கொண்டிருந்த வேகத்திலேயே சென்றது. அதனை நிறுத்தக்கூடியவை கீழ்ப்பொதியின் உராய்வும் கட்டிய கயிறுமே. கயிறு தளர்ந்திருந்தது, சாக்கின்மேல் சாக்கின் உராய்வு அத்தனை திடீர் நிறுத்தத்திற்குப் போதவில்லை. அமர்ந்திருந்த இளைஞருக்கோ பற்றிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. சரக்கின்மேல் ஆளேற்றுவதைச் சட்டம் தடுப்பது வீணுக்கன்று.

வேகத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, பிரேக் நன்கு பிடித்தபின் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். 80 கிலோமீட்டராயின் 18 அன்று, 36 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. நனைந்த கரிசலில் காளையின் குளம்பு வழுக்குவதை நாம் அறிவோம். குளம்பு மண்ணைப் பின்னே தள்ள, மண் காளையை முன்னே தள்ளுவதாலேயே வண்டி நகர்கிறது, பிடிப்பில்லையேல் நகர்வில்லை. நிற்பதற்கும் அதே பிடிப்பு வேண்டும். மழைநாளில் டிராக்டர் சக்கரங்கள் தார்ச்சாலையில் அப்பிச்செல்லும் கரிசல் சேற்றில் பிடிப்புப் பாதியானால், நிற்கும் தூரம் இரட்டிக்கும்.

அச்சங்கத்தில் இப்போது முன்பலகை உயரத்திற்கு மேல் பொதி அடுக்குவதில்லை. கயிற்றைக் குறுக்கே மட்டுமன்றி, பொதி முன்னே நகராதவாறும் இழுத்துக் கட்டுகின்றனர். இதனால் நடைகள் மிகுந்து வாடகைச் செலவு சற்று ஏறியிருக்கிறது. தணிக்கையில் அதனை நான் ஆட்சேபிக்கவில்லை.