கனடாவின் கடைக்கூடையில் சுதேசியம்

ஒரு தேசத்தின் மனநிலையை அறிய விரும்புவோர் அதன் பாராளுமன்றத்தை நோக்குவர், பத்திரிகைகளைப் புரட்டுவர். அத்தேசத்துக் கடைத்தெருவுக்கும் ஒருமுறை சென்று வருதல் நன்று என்போம் நாம். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கனடாவில் அவ்வாறு சென்றவர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். இல்லத்தரசிகளும் முதியோரும் மாணவரும் கடைத்தட்டுகளின் முன் நின்று, கையிலெடுத்த போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது எந்த நாட்டிற் செய்யப்பட்டது என்று எழுத்தெழுத்தாக வாசிக்கலாயினர். அதுவரை விலையை மட்டும் தேடிய கண்கள் ஊர்ப்பெயரையும் தேடின. நம்மவரிற் பலருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் அடுப்பு மூட்டி வாழ்கின்றமையால், இம்மாற்றம் நமக்கும் தொலைதூரச் செய்தியன்று.

தீர்வை மூட்டிய தீ

2025 பெப்ரவரி 1-ஆந் திகதி, கனடாவிலிருந்து வரும் பண்டங்களுக்கு 25 சதவீதத் தீர்வை விதிக்கும் கட்டளையில் ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் கையொப்பமிட்டார். ஒரு மாதத் தவணைக்குப் பின், மார்ச் 4-ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கைக்கு அமைந்த பண்டங்களுக்கு இரண்டொரு நாளில் விலக்களிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் மார்ச் 12 முதல் 25 சதவீதமும், யூன் 4 முதல் 50 சதவீதமும் தீர்வை விழுந்தது. இவற்றோடு, கனடா அமெரிக்காவின் 51-ஆவது மாநிலமாக வேண்டும் என்று அவர் மீண்டும் மீண்டும் கூறியது, புண்ணில் உப்பிட்டது போலாயிற்று.

கனடா அரசு வாளாவிருக்கவில்லை. 3,000 கோடி கனடிய டொலர் பெறுமதியான அமெரிக்கப் பண்டங்களுக்கு அதுவும் 25 சதவீதத் தீர்வை விதித்தது. தோடம்பழச் சாறும் நிலக்கடலை வெண்ணெயும் அப்பட்டியலில் இடம்பெற்றன. ஒன்ராறியோ மாகாணத்தின் அரசாங்க மதுபானக் கடைகளிலிருந்து அமெரிக்க மதுவகைகள் அகற்றப்பட்டன. இவையெல்லாம் அரசுகள் செய்தவை. எவரும் கட்டளையிடாமலே குடும்பங்கள் தம் கூடையை மாற்றிக்கொண்டதையே நாம் இங்கு கருத விரும்புகிறோம்.

இலை சொல்வதும் சொல்லாததும்

கனடாவின் தேசியச் சின்னம் மேப்பிள் இலை. கடைக்காரர்கள் விலைச்சீட்டுகளின் பக்கத்தில் அவ்விலையைத் தாராளமாக ஒட்டினர். ஆனால், இலை ஒட்டியிருப்பதனால் மட்டும் பண்டம் உள்நாட்டதாகிவிடாது. இறக்குமதிச் சாமான்களின் மேலும் இலை தென்பட்டது என்று முறைப்பாடுகள் எழுந்தன. ஆகவே, சொற்களின் பொருளை அறிதல் வேண்டும்.

உணவுப்பொருளில் 'கனடாவின் விளைபொருள்' என்று எழுதப்பட்டிருப்பின், அதன் முக்கிய மூலப்பொருள்களும் பதப்படுத்தலும் உழைப்பும் அனைத்துமோ, ஏறக்குறைய அனைத்துமோ கனடாவினுடையனவாக இருத்தல் வேண்டும். மிகச் சிறிய அளவான பிறநாட்டுச் சேர்க்கைகளுக்கே அங்கு இடமுண்டு. 'கனடாவிற் செய்யப்பட்டது' என்பதோ வேறு. பண்டத்தை அதன் இறுதி உருவுக்குக் கொணர்ந்த முக்கிய வேலை கனடாவில் நடந்தது என்பதே அதன் பொருள். மூலப்பொருள் இறக்குமதியானதா, கலந்ததா என்பதை உடன் குறிப்பிடல் வேண்டும். கொக்கோ விளையாத நாட்டிலே சொக்கிலேற் செய்யப்படலாம் அன்றோ? உணவல்லாத பண்டங்களுக்கும் இதே இரு சொற்றொடர்கள் உண்டு. நேரடி உற்பத்திச் செலவில் 98 சதவீதமேனும் கனடாவில் ஏற்பட்டிருந்தால் முன்னதையும், 51 சதவீதமேனும் ஏற்பட்டிருந்தால் பின்னதையும் பொறிக்கலாம்.

பாலுக்கும் பாற்பொருள்களுக்கும் தனி அடையாளம் உண்டு. நீலநிறப் பசுவின் சின்னம், அதிலுள்ள பால் முழுவதும் கனடியப் பண்ணைகளினது என்பதைக் காட்டும்.

ஒரு தக்காளியூரின் கதை

ஒருவர் ஒரு போத்தலை மாற்றி வாங்குவதனால் என்ன விளையும் என்று கேட்போருக்கு, லெமிங்ரன் என்னும் சிற்றூரின் கதையைச் சொல்வோம். ஒன்ராறியோவின் தென்கோடியில், ஈரி ஏரிக்கரையில் உள்ள இவ்வூர் தக்காளிக்குப் பேர்போனது. 1909 முதல் ஹைன்ஸ் நிறுவனம் அங்கே தொழிற்சாலை நடத்தி வந்தது. தந்தையும் மகனும் பேரனும் அங்கேயே வேலை பார்த்த குடும்பங்கள் இருந்தன. 2014-இல் அத்தொழிற்சாலையை நிறுவனம் மூடியது. 740 பேரளவில் வேலையிழந்தனர். அதை நம்பித் தக்காளி பயிரிட்ட கமக்காரரும் தவித்தனர்.

பின்னர் ஹைபரி கான்கோ என்ற வேறொரு நிறுவனம் அவ்விடத்தை ஏற்று நடத்த, ஒரு பகுதியினருக்கு மீண்டும் தொழில் கிடைத்தது. பிரெஞ்ச்ஸ் என்னும் பெயரில் விற்கப்பட்ட தக்காளிச் சாந்துக்கு லெமிங்ரன் தக்காளியே பயன்படுகிறது என்ற செய்தி, 2016-இல் நுகர்வோர் ஒருவர் எழுதிய சிறு குறிப்பினால் நாடெங்கும் பரவியது. மக்கள் அதைத் தேடி வாங்கினர். அவ்வேளையில் லொப்லோ என்னும் பெரும் கடைநிறுவனம் அதைத் தட்டுகளிலிருந்து நீக்க முற்பட்டபோது கண்டனம் பொங்கியது. உடனே அம்முடிவு கைவிடப்பட்டது. முதலில் அமெரிக்காவிலே போத்தலில் அடைக்கப்பட்ட அச்சாந்து, 2017 முதல் ரொறன்ரோவில் அடைக்கப்படலாயிற்று. 2020-இல் ஹைன்ஸ் நிறுவனமும், தன் தக்காளிச் சாந்தை மீண்டும் கனடாவில், மொன்றியல் நகரத் தொழிற்சாலையிற் செய்யப்போவதாக அறிவித்தது. சிறுதுளி பெருவெள்ளமாகும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இக்கதையில் இன்னொரு பாடமும் உளது. பிரெஞ்ச்ஸ் என்ற பெயர் கனடியருக்குச் சொந்தமானதன்று, உரிமையாளர் பிறநாட்டினர். ஆயினும் பயிரிட்ட கைகளும் அரைத்த கைகளும் கனடியருடையன. முதலாளியின் நாட்டைப் பார்ப்பதா, தொழிலாளியின் நாட்டைப் பார்ப்பதா என்பது கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தாமே தீர்க்கவேண்டிய வினா. ஊரில் அடுப்பெரிய வேண்டும் என்பதே நோக்கமாயின், தொழிலாளியை முதலிற் பார்த்தலே நன்று என்பது நமது கருத்து.

நம்மவர் அடுக்களையில்

ஸ்காபரோவில் வாழும் நம் குடும்பங்கள் இவ்விடயத்தில் தாம் ஏதும் செய்ய இயலாதென எண்ணவேண்டியதில்லை. அவர்களுடைய கறிச்சட்டியிலே கனடா முன்னரே புகுந்துவிட்டது. கனடா உலகிலேயே மிகுதியாகப் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடு. அதிற் பெரும்பகுதி சஸ்கச்சுவான் மாகாணத்தில் விளைவது. கோதுமையையே நம்பியிருந்த அச்சமவெளிக்குப் பருப்புப் பயிரைப் பழக்கியவர் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி அல் சிலிங்கார்ட். அவர் உருவாக்கிய லெயர்ட் என்னும் இனம் 1978-இல் வெளிவந்தது. இலங்கையில் நாம் சோற்றுக்குப் பிசையும் மைசூர்ப் பருப்பிலும் ஒரு பங்கு அச்சமவெளியிலிருந்து கப்பலேறி வந்ததே.

தாளிதத்துக்கான கடுகும் அங்கே பெருமளவில் விளைகிறது. கனோலா எண்ணெயின் பெயரிலேயே கனடா அடங்கியுள்ளது. 1970-களில் கனடிய விஞ்ஞானிகள் உருவாக்கிய பயிரின் எண்ணெய் அது. பால், முட்டை, கோழி ஆகியவை 1970-கள் முதல் உள்நாட்டுத் தேவைக்கேற்ப அளவிட்டு உற்பத்தி செய்யப்படுவன. அப்பிள், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கும் அயலூரை நாட வேண்டியதில்லை. குளிர்காலத்திலும் லெமிங்ரன் பகுதியின் கண்ணாடி மனைகள் தக்காளியும் வெள்ளரியும் தருகின்றன.

இயலாததை இயலாதெனல்

எனினும், எல்லாம் உள்நாட்டிற் கிடைத்துவிடா. கனடாவில் தோடந்தோட்டம் இல்லை, தென்னை இல்லை. தேயிலைக்கு நம் மலைநாடு இருக்கிறது! இத்தகையவற்றை வேறு நாடுகளிலிருந்து வாங்குவதில் இழுக்கொன்றும் இல்லை.

விலையையும் மறத்தலாகாது. 2022-இல் கனடாவின் கடைகளில் உணவு விலைகள் 9.8 சதவீதம் ஏறின. 1981-க்குப் பின் காணாத ஏற்றம் அது. வாடகையும் உணவும் சேர்ந்து நெரிக்கும் வீட்டிலே, மலிவான போத்தலை எடுக்கும் தாயைத் தேசப்பற்று இல்லாதவள் என்று எவரும் சொல்லத் துணிதல் கூடாது. வசதியுள்ளோர் முன்னே செல்லட்டும். இயன்ற பண்டம் இரண்டை மாற்றுவோரும் தம் கடனைச் செய்தவரே.

கனடாவில் வாழும் நம் மூத்தோர் இதை நன்கு அறிவர். 1970-களில் இலங்கை அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தலைநிமிர்ந்தனர். அதே ஆண்டுகளில் பாணுக்கு வரிசையில் நின்ற குடும்பங்களும் உண்டு. 1977-க்குப் பின் வாயில் திறக்கப்பட்டதும் விலைகள் விழ, அக்கமக்காரர் தளர்ந்தனர். ஒருவருக்கு அரணாவது மற்றொருவருக்குச் சுமையாதலை அத்தலைமுறை கண்ணாரக் கண்டது. அங்கே வாயிலைப் பூட்டியதும் திறந்ததும் அரசு. கனடாவிலோ கூடையேந்தியவர் தாமே தெரிந்து தேர்ந்தனர்.

சினம் ஆறிய பின்

2025 செப்டெம்பர் 1 முதல், உடன்படிக்கைக்கு அமைந்த அமெரிக்கப் பண்டங்களின் மேலிருந்த பதிற்றீர்வைகளிற் பெரும்பாலானவற்றைக் கனடா நீக்கிக்கொண்டது. உருக்கு, அலுமினியம், மோட்டார் வாகனங்கள் ஆகியவற்றின் மீதானவை தொடர்ந்தன. அரசுகள் இவ்வாறு ஏற்றும், இறக்கும். சினத்தினால் தொடங்கிய பழக்கம் சினத்தோடு போய்விடுவதும் உலகியல்பு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர் பெரியோர். லெமிங்ரன் தக்காளியை மக்கள் தேடி வாங்கிய 2016-இல் தீர்வைப் போர் எதுவும் இருக்கவில்லை. ஒரு பண்டம் எவர் கையால் ஆனது என்ற அறிவே அவ்வூருக்குத் துணைநின்றது.

ஆதலின், கனடாவிலுள்ள நம் பிள்ளைகளுக்கு நாம் கூறக்கூடியது இதுவே. வாரந்தோறும் வாங்கும் பண்டங்களின் பட்டியலை ஒருநாள் மேசைமீது விரித்து வையுங்கள். ஒவ்வொன்றின் சீட்டையும் பிள்ளைகளைக் கொண்டே வாசிப்பியுங்கள். எந்த மாகாணத்தில் விளைந்தது, எந்த ஊரிற் செய்யப்பட்டது என்று தேசப்படத்தில் தேடச் செய்யுங்கள். மாற்ற இயன்றதை மாற்றுங்கள், இயலாததற்கு வருந்தாதீர்கள். தாம் உண்ணும் பருப்பு எவர் வயலில் விளைந்ததென அறிந்து வளரும் பிள்ளை, தான் குடியேறிய மண்ணை வெறும் விலாசமாக எண்ணாது.