வேலியோர கத்தாழைக்கு சொந்தக்கார சரக்கு 'டெக்கீலா'! மஞ்சள் நிறத்தை பார்த்து ஏமாறாதீங்க

மயிலாடும்பாறை:

தேனி மாவட்டம் மயிலாடும்பாறை, வருசநாடு, கடமலைக்குண்டு பக்கம் போனால் காட்டு ஓரத்திலும் தோட்டத்து வேலியிலும் முள் முள்ளாக ஆனைக்கத்தாழை நிற்கும். ஆடு, மாடு உள்ளே வராமல் இருக்க வேலிக்கு வைப்பார்கள். மற்றபடி அதை யாரும் திரும்பிக்கூட பார்ப்பதில்லை.

இந்த கத்தாழையின் நெருங்கிய சொந்தக்கார செடியில் இருந்துதான், சினிமாவிலும் ஸ்டார் ஓட்டல்களிலும் உப்பு நக்கி, எலுமிச்சை கடித்து குடிக்கிறார்களே, அந்த டெக்கீலா தயாராகிறது. கல்ஃப், சிங்கப்பூர் வேலைக்கு போனவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு பாட்டில் வருகிறது. "மாப்ளே, மஞ்சளா இருக்கு பாரு, இதுதான் ஒசத்தி" என்று ஒருத்தர் சொன்னால் மற்றவர்களும் நம்பி விடுகிறார்கள்.

உண்மை அப்படி இல்லை. டெக்கீலாவில் நிறமும் ஒசத்தி இல்லை, பாட்டிலின் அழகும் ஒசத்தி இல்லை. லேபிளில் ஒரே ஒரு வரியை படிக்கத் தெரிந்தால் பல நாள் கூலி வீணாகாது.

எங்கே தயாராகிறது?

டெக்கீலா என்பது மெக்சிகோ நாட்டில் ஹாலிஸ்கோ மாநிலத்தில் உள்ள ஒரு ஊரின் பெயர். நம்ம ஊர் பழனி பஞ்சாமிர்தம், கம்பம் பன்னீர் திராட்சை மாதிரி ஊர் பெயரே சரக்கின் பெயர் ஆகிவிட்டது. 1974-ம் ஆண்டில் இருந்து இந்த பெயருக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஹாலிஸ்கோ மாநிலத்திலும் மேலும் 4 மாநிலங்களின் சில பகுதிகளிலும் தயாரானால் மட்டுமே பாட்டிலில் டெக்கீலா என்று போட முடியும். அதுவும் நீல அகாவே என்ற ஒரே ரக கத்தாழையில்தான் செய்ய வேண்டும்.

இந்த கத்தாழை விளைய 6 முதல் 8 வருஷம் ஆகும். தென்னை வைத்தவர் காய்க்கு காத்திருக்கிற மாதிரி காத்திருக்க வேண்டும். விளைந்ததும் மடல்களை எல்லாம் சீவி எறிந்து விடுவார்கள். நடுவில் பெரிய அன்னாசிப்பழம் போல உருண்டையாக ஒரு கிழங்கு மிஞ்சும். ஒன்று 30 கிலோவுக்கு மேலும் இருக்கும்.

அந்த கிழங்கை அடுப்பில் வேக வைத்தால் இனிப்பு ஏறும். நசுக்கி சாறு எடுத்து, புளிக்க வைத்து, குறைந்தது 2 முறை காய்ச்சி வடித்தால் டெக்கீலா. நல்ல சரக்கை முகர்ந்து பார்த்தால் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாசமும், லேசான மிளகு காரமும் வரும் என்கிறார்கள் குடித்து பழகியவர்கள்.

51-ஆ, 100-ஆ?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. டெக்கீலாவில் 2 வகை உண்டு.

ஒன்று, முழுக்க கத்தாழை சாற்றில் செய்தது. லேபிளில் '100% அகாவே' என்று இருக்கும்.

இன்னொன்று கலப்பு. இதில் 51 சதவீதம் கத்தாழை இனிப்பு இருந்தால் போதும். மீதி 49 சதவீதம் வரை கரும்பு சர்க்கரை, சோள சர்க்கரை என்று எதையாவது சேர்த்து புளிக்க வைக்கலாம். மெக்சிகோ சட்டமே இதை அனுமதிக்கிறது. லேபிளில் வெறும் 'டெக்கீலா' என்று மட்டும் இருக்கும். 'நாங்கள் கலந்திருக்கிறோம்' என்று யாரும் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

கருப்பட்டி வாங்கப் போனால் சீனி கலந்த கருப்பட்டியை தலையில் கட்டுகிற மாதிரிதான் இது. பார்க்க ஒன்று போல இருக்கும். வாயில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். அங்கே கலப்புக்கு சட்டம் இடம் கொடுக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

உப்பும் எலுமிச்சையும் கலப்பு சரக்கின் கரகரப்பை மறைக்க ரொம்பவே உதவும். நல்ல சரக்கு என்றால் ஒன்றும் தொட்டுக்கொள்ளாமல் சொட்டு சொட்டாக உறிஞ்சிக் குடிக்கலாம். ஆகவே மெதுவாக சுவைத்து குடிக்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது '100% அகாவே' என்ற வரியைத்தான்.

இன்னொரு அடையாளம். 100 சதவீத சரக்கை மெக்சிகோவில் அந்த எல்லைக்கு உள்ளேயே பாட்டிலில் அடைக்க வேண்டும். கலப்பு சரக்கை டேங்கரில் ஏற்றி வேறு நாட்டுக்கு கொண்டு போய் அங்கேயும் அடைக்கலாம்.

மஞ்சள் ரகசியம்

'கோல்டு' என்று பெயர் போட்டு தங்க நிறத்தில் வரும் சரக்குகள் பலவும் கலப்பு வகைதான். அந்த மஞ்சள் பெரும்பாலும் கேரமல் என்ற சாயம். அதாவது கருக விட்ட சர்க்கரைப் பாகு.

உண்மையான நிறம் மர பீப்பாயில் ஊற வைப்பதால் வருவது. அதற்கு தனித்தனி பெயர் இருக்கிறது.

பிளாங்கோ அல்லது சில்வர்: தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருக்கும். பீப்பாயில் ஊறாதது அல்லது கொஞ்ச நாள் மட்டும் வைத்தது. விலை குறைவு. கத்தாழை வாசம் இதில்தான் நேரடியாக தெரியும்.

ரெபோசாடோ: ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம் ஊறியது. லேசான மஞ்சள். காரம் குறைந்து கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

அன்யேஹோ: சிறிய பீப்பாயில் குறைந்தது 1 வருஷம் ஊறியது. விலை ஏறும்.

எக்ஸ்ட்ரா அன்யேஹோ: 3 வருஷத்துக்கு மேல் ஊறியது. 2006-ல்தான் இந்த வகையை தனியாக சேர்த்தார்கள். நம்ம பட்ஜெட்டுக்கு இது சரிப்படாது.

கையை கடிக்காமல் நல்லது வேண்டும் என்றால் 100 சதவீத பிளாங்கோ அல்லது ரெபோசாடோ போதும். பணம் அதிகம் கொடுத்து அன்யேஹோ வாங்கினால் பாதி காசு மரத்துக்கும் வருஷத்துக்கும் போகிறது.

இதிலும் ஒரு சின்ன உள்குத்து உண்டு. 100 சதவீத சரக்கிலேயே சாயம், மர எசன்ஸ், கிளிசரின், இனிப்பு எல்லாம் சேர்த்து 1 சதவீதம் வரை சொல்லாமலேயே சேர்க்க அங்கே இடம் இருக்கிறது. கேக் எசன்ஸ் மாதிரி வாசமும், திகட்டுகிற இனிப்பும் வந்தால் சந்தேகப்படலாம்.

ஒரே பேர், ரெண்டு சரக்கு

கம்பெனி பெயரை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. ஒரே கம்பெனி ரெண்டு வகையும் விற்கிறது.

ஹோசே குவெர்வோ என்பது ரொம்ப பழைய கம்பெனி. 1795-ல் ஸ்பெயின் ராஜாவிடம் லைசென்ஸ் வாங்கியவர்கள். அவர்களுடைய 'எஸ்பெஷல்' கலப்பு வகை. அதே கம்பெனியின் 'டிரடிஷனல்' 100 சதவீத வகை.

ஓல்மெக்கா என்று மட்டும் இருந்தால் கலப்பு. 'ஓல்மெக்கா ஆல்டோஸ்' என்று இருந்தால் 100 சதவீதம்.

எல் ஹிமாடோர், எஸ்போலோன், கசடோரஸ் ஆகியவை 100 சதவீத வகையில் நடுத்தர விலைக்காரர்கள். அமெரிக்காவில் இந்த மாதிரி ஒரு ஃபுல் பாட்டில் சுமார் 20 முதல் 30 டாலருக்குள் கிடைக்கும். நம்ம நாட்டுக்குள் வந்தால் கதை வேறு. வெளிநாட்டு சரக்கு பெரும்பாலானவற்றுக்கு 150 சதவீதம் வரை சுங்க வரி, அதற்கு மேல் மாநில வரி என்று விலை எகிறி விடும்.

அதனால்தான் வெளிநாட்டில் இருந்து வருபவர் விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கி வருகிறார். ஒரு பயணி 2 லிட்டர் வரை வரி இல்லாமல் கொண்டு வரலாம். வாங்கித் தரச் சொல்பவர்கள் "ஒரு டெக்கீலா வாங்கிட்டு வாங்கண்ணே" என்று மொட்டையாக சொல்லாமல், "100 சதவீதம் அகாவேன்னு போட்டிருக்கணும்" என்று சேர்த்து சொன்னால் அதே காசுக்கு நல்ல சரக்கு வரும்.

பாட்டிலில் பார்க்க வேண்டியது

1. '100% அகாவே' என்ற வரி.

2. என்.ஓ.எம். என்ற 3 எழுத்தும் பக்கத்தில் 4 இலக்க எண்ணும். எந்த ஆலையில் தயாரானது என்று இந்த எண் சொல்லும். எண் இல்லாவிட்டால் அது டெக்கீலாவே இல்லை.

3. சி.ஆர்.டி. என்ற முத்திரை. 1994-ல் இருந்து இயங்கும் மெக்சிகோவின் டெக்கீலா கண்காணிப்பு அமைப்பு இது.

4. மூடி, சீல் இரண்டும் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காலி பாட்டிலில் வேறு சரக்கை ஊற்றி 'டூட்டி ஃப்ரீ மால்' என்று கைமாற்றி விடும் கில்லாடிகள் உண்டு. பில் இல்லாமல், முகம் தெரியாதவரிடம், பாதி விலைக்கு வந்தால் தொடவே வேண்டாம்.

5. உள்ளே புழு கிடந்தால் ஒசத்தி என்பது கட்டுக்கதை. புழு போடுவது மெஸ்கால் என்ற வேறு சரக்கில், அதுவும் விளம்பரத்துக்காக.

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக பக்கத்து மாநில சரக்கை அனுமதி இல்லாமல் கொண்டு வந்தால் சோதனைச்சாவடியில் சிக்கி வழக்கு வாங்க வேண்டியது வரும். லாபம் பார்க்கப் போய் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

எப்படி குடிப்பது?

ஒரே மடக்கில் ஊற்றுவது டெக்கீலாவுக்கு ஆகாது. 30 மில்லி அளந்து சின்ன கிளாசில் ஊற்றி, ஐஸ் போடாமல், கொஞ்ச நேரம் வைத்து முகர்ந்து, நாக்கு நனைகிற அளவுக்கு உறிஞ்ச வேண்டும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். வெறும் வயிறு கூடாது.

ஃபுல் பாட்டில் 750 மில்லி. 30 மில்லி வீதம் 25 தடவை வரும். ஒரு விசேஷ நாளைக்கு ஒன்று என்று வைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். விலையுள்ள சரக்கை சுவைத்து குடிப்பதில் இருக்கிற சிக்கனமே அதுதான். ஒரு குவார்ட்டர் 180 மில்லியை ஒரே மூச்சில் இறக்குபவருக்கு நல்ல டெக்கீலாவும் ஒன்றுதான், மட்டமான சரக்கும் ஒன்றுதான்.

நம்ம கத்தாழையிலும் வந்தாச்சு

டெக்கான் பீடபூமியில் காடாக வளரும் ஆனைக்கத்தாழையிலேயே சரக்கு தயாரிக்க முடியும் என்று காட்டியவர் டெஸ்மண்ட் நசரேத். ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் ஆலை வைத்து, 2011-ல் கோவாவில் 'டெஸ்மண்ட்ஜி' என்ற பெயரில் விற்பனைக்கு கொண்டு வந்தார். இதிலும் 100 சதவீதம், 51 சதவீதம் என்று 2 வகை உண்டு. மெக்சிகோவில் செய்யாததால் டெக்கீலா என்று பெயர் போட முடியாது. 'அகாவே' என்றுதான் போடுகிறார்கள். பிறகு 'மாயா பிஸ்டோலா' என்ற இன்னொரு இந்திய அகாவே சரக்கும் வந்தது. இறக்குமதி சுங்க வரி இவற்றுக்கு இல்லை.

வீட்டில் மட்டும் முயற்சி வேண்டாம்

"நம்ம வேலியிலயே கெடக்கே, வெட்டி காய்ச்சுனா என்ன?" என்று இளவட்டங்கள் யாராவது கேட்டால் பெரியவர்கள் உடனே தடுக்க வேண்டும்.

முதலாவது, பச்சை கத்தாழை சாறு மேலே பட்டாலே அரிப்பும் கொப்புளமும் வரும். கத்தாழை நார் உரித்தவர்களுக்கு இது தெரியும். சோற்றுக்கத்தாழை வேறு, இது வேறு.

இரண்டாவது, இதை புளிக்க வைக்கும்போது மெத்தனால் என்ற விஷமும் கொஞ்சம் சேர்ந்தே உருவாகும். ஆலையில் கருவி வைத்து அளந்து கட்டுக்குள் வைக்கிறார்கள். மெக்சிகோ அதற்கு உச்ச வரம்பே வைத்திருக்கிறது. வீட்டு அடுப்பில் காய்ச்சுபவருக்கு அளக்க வழி இல்லை. நிறத்திலும் வாசத்திலும் கண்டுபிடிக்கவும் முடியாது. கண் பார்வையை பறித்து ஆளையும் கொல்லும் விஷம் அது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான்.

மூன்றாவது, தமிழ்நாட்டில் வீட்டில் சாராயம் காய்ச்சுவது குற்றம். கள்ளக்குறிச்சி சம்பவத்துக்கு பிறகு 2024-ல் சட்டத்தை திருத்தி, உயிர்ப்பலி ஏற்பட்டால் ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கி விட்டார்கள்.

கள்ளச்சாராயம் குடித்தவருக்கு கண் மங்கல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் 'போதை தெளிந்தால் சரியாகிடும்' என்று படுக்க வைக்கக் கூடாது. உடனே 108-க்கு போன் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டும். மெத்தனாலுக்கு மாற்று மருந்து இருக்கிறது. நேரம் போனால் அதுவும் பலிக்காது.

மது எந்த அளவிலும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் சொல்லி விட்டது. 100 சதவீத அகாவே என்பது பணத்துக்கு தரம், உடம்புக்கு கேரண்டி அல்ல. சர்க்கரை, பிரஷர், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரை கேட்காமல் தொடக்கூடாது. குடித்துவிட்டு பைக் சாவியை எடுக்கவே கூடாது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கவும் கூடாது.

குடியை நிறுத்த நினைக்கிறவர்கள், நிறுத்த முடியாமல் தவிக்கிறவர்களின் வீட்டார் 14446 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.