பழைய டீசல் கம்ப்ரசரைப் பழுது பார்ப்போம்

நெடுஞ்சாலை ஓரத்து டயர்க் கடைகளில் ஓர் ஆயில் எஞ்சின், அதிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் கம்ப்ரசர், கீழே காற்றைச் சேர்த்து வைக்கும் டாங்கி ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் எட்டாத இடத்திலும் வேலை செய்யும் இச்சாதனம் பழைய சாமான் விலையில் கிடைத்தால் வாங்கி, வீட்டிலேயே சீர் செய்து, பெயிண்ட் அடிக்கவோ பட்டறை வேலைக்கோ வைத்துக்கொள்ளலாமே என்று பலருக்குத் தோன்றும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது முடியாத காரியமன்று. எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று அறியக் கொஞ்சம் பௌதிகமும் வேண்டும்.

எஞ்சின் ஓடுகிறதா என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நாம் டாங்கியிலிருந்து தொடங்குவோம். எஞ்சின் ஓடாவிட்டால் நஷ்டம் பணத்தோடு போகும்; டாங்கி வெடித்தால் அப்படியல்ல.

கடைக்காரர் "நூறு பவுண்டு" என்று சொல்வது சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு அழுத்தத்தை. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால், உள்ளே இருப்பது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 8 மடங்கு. 200 லிட்டர் டாங்கியில் இந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்று திடீரென்று விரிந்தால், வெளிப்படும் ஆற்றல் ஒரு லட்சம் ஜூலுக்கு மேல். ஒரு டன் பாறை 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம்.

டாங்கி பலவீனமாவதற்குக் காரணம் தண்ணீர். காற்றை மட்டுமே அடைக்கிறோம், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் இடம் சுமார் 30 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். ஈரப்பதம் 70 விழுக்காடாக உள்ள நாளில் வெளிக்காற்றில் கனமீட்டருக்கு 21 கிராம் நீராவி இருக்கும். அத்தகைய 8 கனமீட்டர் காற்றை ஒரு கனமீட்டருக்குள் திணித்து ஆறவிட்டால், உள்ளே வந்த 168 கிராமில் 30 கிராம் மட்டுமே ஆவியாக நிற்கும். மீதி 138 கிராம் தண்ணீராகி அடியில் தேங்கும். டாங்கியின் அடியில் வடிகுழாய் வைத்திருப்பது இதற்காகத்தான். அதைத் தினமும் திறந்துவிடாத சோம்பலில் அடித்தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும்.

50 செ.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிப்பும் உள்ள டாங்கியில், மேற்சொன்ன அழுத்தத்தின்போது தகட்டின் வெட்டுப் பரப்பு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 350 கிலோகிராம் இழுவிசையைத் தாங்குகிறது. தடிப்பு பாதியானால் அது 700 ஆகும். மென்மையான உருக்கு 2,000 கிலோகிராமுக்கு மேலும் தாங்குமே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். துரு சீராக அரிப்பதில்லை; குழி குழியாக அரிக்கும். குழியின் அடியிலும் வெல்டிங் ஓரத்திலும் விசை குவிகிறது. நாள்தோறும் நிரப்பி இறக்குவதால் உலோகம் அயர்வும் அடைகிறது.

ஆகவே டாங்கியைச் சோதிக்காமல் காற்று நிரப்பலாகாது. சோதனையைக் காற்றால் செய்வதும் ஆகாது. தண்ணீரால் செய்ய வேண்டும். டாங்கியில் ஒரு குமிழிகூட இல்லாதபடி தண்ணீர் நிரப்பி, கைப்பம்பினால் வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு ஏற்றிச் சிறிது நேரம் வைப்பார்கள். முள் இறங்கினாலோ, எங்கேனும் ஈரம் கசிந்தாலோ, தகடு புடைத்தாலோ அந்த டாங்கி பழைய இரும்புக்குத்தான். தண்ணீர் மிகமிகச் சிறிதளவே சுருங்கும். அதனால் அதே 200 லிட்டரில் அப்போது நீருக்குள் சேரும் ஆற்றல் சுமார் 50 ஜூல். 5 கிலோ கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போன்றது. தகடு விறைத்து நிற்பதில் சேர்வதைக் கூட்டினாலும் சில நூறு ஜூலைத் தாண்டாது. இச்சோதனைக் கருவி உள்ள பட்டறையிடம் இதை ஒப்படைப்பதே நல்லது. துளை விழுந்த இடத்தில் ஒட்டு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி மேலே வருவோம். எஞ்சினிலும் பிஸ்டன், கம்ப்ரசரிலும் பிஸ்டன். இரண்டும் காற்றைத்தான் அழுத்துகின்றன. வேகமாக அழுத்தினால் காற்று சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். டீசல் எஞ்சினில் காற்றின் பருமன் 17-இல் ஒரு பங்காகச் சுருங்குகையில் வெப்பநிலை, கணக்குப்படி, 600 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளுவதற்கே அழுத்தப்பட்ட காற்றைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது ஒரு சுவையான செய்தி.

எஞ்சினுக்கு உயிரான இச்சூடு கம்ப்ரசருக்குப் பகை. 30 டிகிரிக் காற்றை ஒரே மூச்சில் 8 மடங்கு அழுத்தத்திற்கு ஏற்றினால், வெப்பம் வெளியேறாத நிலையில், அது 276 டிகிரிக்குப் போகும். எண்ணெய் கருகிக் கரியாகி வால்வுகளில் படியும். இதே வேலையை இரண்டு சிலிண்டர்களில் 2.83 மடங்கு வீதம் இரு கட்டமாகச் செய்து, நடுவே காற்றை ஆறவைத்தால், எந்தக் கட்டத்திலும் 135 டிகிரியைத் தாண்டாது. வேலையிலும் சுமார் 15 விழுக்காடு மிச்சம். ஒரு சிலிண்டர் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும், இடையில் செதில் வைத்த குழாயும் இருந்தால் அது இரு கட்டக் கம்ப்ரசர். அந்தச் செதில்களின் அழுக்கைச் சுரண்டுவது காசு செலவில்லாத பழுதுபார்ப்பு.

டாங்கி நிரம்ப நேரமாகிறதென்றால் உடனே பிஸ்டன் வளையத்தைக் குறை சொல்ல வேண்டாம். காற்று வடிகட்டியின் வாயருகே கையைப் பிடியுங்கள். உள்ளே இழுக்க வேண்டிய காற்று துடிப்புத் துடிப்பாக வெளியே ஊதினால், முதற்கட்ட உள்வால்வு சரியாக மூடவில்லை. இரு சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள பாதுகாப்பு வால்வு அடிக்கடி சீறினால், கோளாறு பெரும்பாலும் இரண்டாம் கட்ட வால்வில். எஞ்சினை நிறுத்தி, காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே தலையைக் கழற்ற வேண்டும். கரியைச் சோப்பு நீரில் ஊறவைத்து நீக்கி, தட்டையான கண்ணாடியின் மேல் நயமான கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தகட்டைத் தேயுங்கள். பெட்ரோல் மட்டும் வேண்டாம். மிச்சம் தங்கினால் கம்ப்ரசரே டீசல் எஞ்சினாகிவிடும்!

மாற்றங்கள் செய்ய விரும்புவோர் முதலில் கை வைப்பது புல்லியில். 1,500 சுற்று ஓடும் எஞ்சினில் 15 செ.மீ. புல்லியும் கம்ப்ரசரில் 30 செ.மீ. சக்கரமும் இருந்தால் கம்ப்ரசர் 750 சுற்று ஓடும். எஞ்சின் புல்லியை 20 செ.மீ. ஆக்கினால் 1,000 சுற்று. காற்று மூன்றில் ஒரு பங்கு கூடும். எஞ்சினின் சுமையும் அவ்வளவு கூடும். ஆனால் சக்கரத்தைப் பிய்க்கப் பார்க்கும் விசை சுற்றின் இருமடியில் ஏறுவதால் அது 1.78 மடங்காகும். கம்ப்ரசரின் தகட்டில் பொறித்த சுற்றைத் தாண்டாதீர்கள். சுழலும் திசையும் முக்கியம்: சக்கரத்தின் ஆரங்களே விசிறியாக இருப்பதால், மோட்டாரை எடுத்துவிட்டு எஞ்சின் வைக்கும்போது திசை மாறினால் குளிர்காற்று சிலிண்டருக்கு வராது.

மின்மோட்டார் அழுத்தம் நிறைந்ததும் சுவிட்சினால் தானே நின்றுவிடும். எஞ்சின் அப்படி நிற்காது. அதனால் அழுத்தம் நிறைந்ததும் உள்வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ள 'அன்லோடர்' என்னும் சிறு அமைப்பு உண்டு. காற்று உள்ளே போய் அப்படியே திரும்பிவிடும். அது கெட்டதும் கழற்றி எறிந்துவிட்டு, "பாதுகாப்பு வால்வுதான் இருக்கிறதே" என்று ஓட்டுபவர்கள் உண்டு. பாதுகாப்பு வால்வு ஆபத்துக் காலத்திற்கானது. நாள் முழுதும் சீறிக்கொண்டிருந்தால் அதன் இருக்கை தேய்ந்து, ஸ்பிரிங்கும் கெடும். அதன் ஸ்பிரிங்கை முறுக்குவதும், டாங்கிக்கும் அதற்கும் நடுவே குழாய்த் திருகு வைப்பதும் கூடவே கூடாது.

எஞ்சினின் புகைக்குழாயைக் கம்ப்ரசரின் காற்று வாயிலிருந்து எட்ட விலக்கி, திறந்த வெளியை நோக்கித் திருப்பிவிடுங்கள். டாங்கிக் காற்றைக் கிணற்றுக்குள் இறங்கியவரின் மூச்சுக்கென்று ஒருபோதும் அனுப்பாதீர்கள். அதில் எண்ணெய் ஆவி கலந்திருக்கும். புகையின் கார்பன் மோனாக்சைடும் கலந்திருந்தால் வாசனையால்கூடக் கண்டுபிடிக்க இயலாது.